ஞாயிறு குடிபூரல்

குழு: கொக்குவில் வீட்டார்

*வியாழன்*

அபி: எல்லோருக்கும் வணக்கம். வீட்டுச் சாவி நேற்று மாலை கைக்கு வந்துவிட்டது. ஞாயிறு காலை 7.30-க்குப் பால் காய்ச்ச ஐயர் நேரம் குறித்துத் தந்திருக்கிறார். லண்டனில் இருப்பவர்கள் அனைவரும் கட்டாயம் வர வேண்டும்.

சுதன் மாமா: வாழ்த்துகள் பிள்ளை. வாகனம் நிறுத்த இடம் உண்டா?

ரொறன்ரோ மாமி: முருகா! என் அண்ணன் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஊர் சின்னம்மா: படம் போடு. அம்மம்மா கேட்கிறார்.

அபி: [படம்]

பெரியப்பா: பிள்ளை, இது சந்தியில் இருந்த மூலைப் பப் அல்லவா? கீழே பச்சை ஓடு பதித்த சுவர், மேலே மூன்று சன்னல்கள். அதேதான்.

அபி: ஆம் பெரியப்பா. இப்போது உள்ளே ஒன்பது வீடுகள். எங்களுடையது இரண்டாம் மாடி.

கோகுல் அண்ணா: அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார். இன்றிரவு யாருக்கும் தூக்கம் இல்லை.

ஊர் சின்னம்மா: பப் என்றால்?

கோகுல் அண்ணா: தவறணை, சின்னம்மா.

ஊர் சின்னம்மா: தவறணையிலா பால் காய்ச்சப் போகிறீர்கள்?

ஊர் சின்னம்மா: அம்மம்மாவிடம் நான் இதைச் சொல்லப் போவதில்லை.

சுதன் மாமா: அக்காவுக்குத் தெரியுமா?

அபி: அம்மாவிடம் தெருவின் பெயரைச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று வீடு பார்க்கவும் வரவில்லை.

ரொறன்ரோ மாமி: தெருவின் பெயரே போதுமே, பிள்ளை.

பெரியப்பா: முதலில் சின்னம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் முன்பு என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த நகரத்தில் யாரும் எங்கும் விளக்கேற்ற முடியாது. பிரிக் லேனில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1743-இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்தாந்துகள் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். பிறகு மெதடிஸ்தர்கள் வந்தார்கள். 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. 1976-இல் பள்ளிவாசல் ஆனது. சுவர் ஒன்று, வந்தவர்கள் வேறு வேறு. விம்பிள்டன் பிள்ளையாரும் 1981-இல் ஒரு கிறிஸ்தவ வழிபாட்டுக் கட்டடத்தில்தான் குடியேறினார். நாம் அங்கே தேங்காய் உடைக்கவில்லையா?

ஊர் சின்னம்மா: கோவிலும் தவறணையும் ஒன்றா, அத்தான்?

கோகுல் அண்ணா: 😀

பெரியம்மா: அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம். யாரும் கேள்வி கேட்காதீர்கள்.

அபி: ஓர் உதவி வேண்டும், பெரியப்பா. கீழ் வாசலில் இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறிய பலகை வைக்கலாம் என்று மற்ற வீட்டுக்காரர்கள் பேசுகிறார்கள். அந்தக் காலத்தைக் கண்டவர் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். எட்டு வரி எழுதித் தருவீர்களா?

கோகுல் அண்ணா: எட்டு வரியா? யாரிடம் கேட்கிறாய் என்று தெரிகிறதா, அபி?

சுதன் மாமா: வாகனம் நிறுத்த இடம்?

அபி: தெருவில் அனுமதிச் சீட்டு வேண்டும், மாமா. ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.

பெரியப்பா: எழுதுகிறேன். ஆனால் ஏன் மூலைக்கு மூலை பப் இருந்தது என்று தெரியாமல் எட்டு வரி எழுதிப் பயனில்லை. 1830-இல் ஒரு சட்டம் வந்தது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பணம்) கட்டினால் தன் வீட்டிலேயே பியர் விற்கலாம். ஜின் குடித்து மக்கள் அழிகிறார்கள், பியர் குடித்தால் நல்லது என்பது அரசின் எண்ணம். முன்னறையையே கடை ஆக்கினார்கள். பிறகு பெரிய பியர் ஆலைகள் அந்தக் கடைகளை வாங்கின. கிழக்கு லண்டனில் நம் ஈஸ்ட் ஹாமில் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்த காலத்தில் சந்தி மூலையைப் பப்புக்கு என்றே விட்டார்கள். வீடு சிறியது, குளிர் பெரியது. வேலை முடிந்து வந்தவனுக்கு நெருப்பும் வெளிச்சமும் கிடைத்த ஒரே அறை அதுதான்.

ரொறன்ரோ மாமி: அண்ணா, பால் காய்ச்சும் பாத்திரம் யார் கொண்டு வருவது? அதைப் பேசுங்கள்.

சுதன் மாமா: அம்மாவின் பித்தளைப் பானை அக்காவிடம் இருக்கிறது.

அபி: அதில்தான் ஒரு சிக்கல். இந்த வீட்டில் காஸ் இல்லை. இண்டக்ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே சூடாகும். பித்தளையில் காந்தம் ஒட்டாது, மண்பானையிலும் ஒட்டாது.

ஊர் சின்னம்மா: இது என்ன அடுப்பு!

அபி: இன்னொன்றும் இருக்கிறது. பால் பொங்கி வழிந்து கண்ணாடியில் பட்டால் அடுப்பு தானாக அணைந்துவிடும்.

ரொறன்ரோ மாமி: பொங்கி வழிவதற்காகத்தானே காய்ச்சுகிறோம்?

சுதன் மாமா: நான் சிறிய காஸ் அடுப்பு கொண்டு வருகிறேன். கூடாரம் போடும்போது வைக்கும் அடுப்பு.

அபி: பலகணியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, மாமா. உள்ளே வைத்தால் புகை மணி அடிக்கும். ஒன்பது வீட்டாரும் தெருவில் நிற்பார்கள்.

கோகுல் அண்ணா: அப்படியாவது அயலாரோடு அறிமுகம் ஆகலாம்.

பெரியப்பா: அந்தப் பப்பில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று பப்ளிக் பார், மரத்தரை. மற்றது சலூன் பார், கம்பளம் விரித்தது. அதே பியர், அங்கே சில பென்ஸ் கூடுதல். நாங்கள் பப்ளிக் பாரில் நிற்போம். பழைய காலத்தில் சன்னல் கண்ணாடியில் அமிலத்தால் பூவேலை செய்து பனி படர்ந்ததுபோல ஆக்கிவிடுவார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அபி, கதவுக்கு மேலே ‘சலூன் பார்’ என்று எழுதிய கண்ணாடி இன்னும் இருக்கிறதா?

அபி: [படம்]

அபி: இருக்கிறது. ஒரு மூலையில் விரிசல். கட்டியவர்கள் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: நன்றி பிள்ளை. நான் அதைத் திரும்பப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பெரியப்பா: நாங்கள் 1984-இல் வந்தபோது சட்டப்படி பிற்பகலில் பப்பை மூட வேண்டும், மாலையில் மறுபடி திறக்க வேண்டும். முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர் குடித்துவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்று 1915-இல் கொண்டு வந்த ஏற்பாடு 1988 வரை நீடித்தது. இரவு 11-க்கு மணி அடித்தால் முடிந்தது. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் அந்த மணியை வைத்துத்தான் புறப்படுவோம்.

பெரியப்பா: எங்கள் அறையில் தொலைபேசி இல்லை. பப்பின் நடைவழியில் காசு போடும் தொலைபேசி ஒன்று சுவரில் இருந்தது. அந்த எண்ணைக் கொழும்பில் கொடுத்து வைக்கலாம் என்று பப் நடத்தியவரே சொன்னார். 1986 மார்கழியில் அப்பா தவறிய செய்தி அதில்தான் வந்தது. பப் நடத்தியவரின் மனைவி வீட்டுச் செருப்போடு மழையில் தெருவைக் கடந்து வந்து எங்கள் கதவைத் தட்டினார். தம்பி பேசினான். நான் அருகில் நின்றேன். பேசி முடியும்வரை உள்ளே பாட்டுப் பெட்டியை அவர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அழைப்பு எங்கிருந்து வந்தது, யார் இறந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ரொறன்ரோ மாமி: இதை இன்றுதான் கேட்கிறேன், அண்ணா.

ஊர் சின்னம்மா: 🙏

கோகுல் அண்ணா: அப்பா எனக்கும் இதைச் சொன்னதில்லை.

*வெள்ளி*

கோகுல் அண்ணா: பலகையில் ரஸ்கின் ஆர்ம்ஸையும் சேர்க்கலாம். ஒரே வட்டாரம்தானே.

சுதன் மாமா: அது எது?

கோகுல் அண்ணா: மேனர் பார்க் பக்கம், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இருந்த பப். அயர்ன் மெய்டன் என்ற ராக் இசைக்குழு பெரிதாகப் பெயர் பெறுவதற்கு முன் 1979, 1980-இல் அங்கே வாசித்தார்கள். 1986-இல் வந்த அவர்களின் இசைத்தட்டு அட்டையிலும் அந்தப் பப்பின் பெயரை வரைந்திருக்கிறார்கள். அதற்கு முன் ஸ்மால் ஃபேசஸ் என்ற இசைக்குழு. 1965-இல் அந்தக் குழு தொடங்கியபோது ஆர்கன் வாசித்த ஜிம்மி வின்ஸ்டனின் பெற்றோர் நடத்திய பப் அது. அந்தக் குழுவின் பாடகர் ஸ்டீவ் மாரியட் அதே தெருவில் ஜே-60 என்ற இசைக்கருவிக் கடையில் வேலை செய்தார். பேஸ் கிட்டார் வாங்க வந்த ரோனி லேனோடு அங்கேதான் நட்பானார்.

சுதன் மாமா: மகாலட்சுமி கோவில் இருக்கும் தெருவிலா?

கோகுல் அண்ணா: அதே தெரு. ரஸ்கின் ஆர்ம்ஸும் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது.

பெரியம்மா: பதினாறு வயதில் நீ போட்ட கறுப்புச் சட்டையின் காரணம் இப்போது தெரிகிறது. அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தாய்.

கோகுல் அண்ணா: அம்மா, அது 1998.

பெரியம்மா: மண்டையோடு போட்ட சட்டை. ஐயர் இன்னும் கேட்கிறார்.

சுதன் மாமா: வெஸ்ட் ஹாம் கால்பந்து மைதானமும் இப்படித்தான் போனது. 1904 முதல் அப்டன் பார்க்கில் ஆடியவர்கள். 2016 மே 10-இல் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றார்கள். நான் கிரீன் ஸ்ட்ரீட்டில் கூட்டத்துக்குள் நின்றேன். இன்று அங்கே 842 வீடுகள். மூலையில் இருந்த போலின் பப் மட்டும் தப்பியது. 2021-இல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

ரொறன்ரோ மாமி: வெம்பிளி வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா?

பெரியம்மா: 🤐

சுதன் மாமா: சீட்டுக் காசுத் தகராறு தீர்ந்த பிறகு பார்க்கலாம்.

ரொறன்ரோ மாமி: அது 1996-இல் பிடித்த சீட்டு!

அபி: நான் எல்லோரையும் அழைக்க விரும்புகிறேன். யாராவது அவர்களின் எண்ணைத் தாருங்கள்.

(யாரும் பதில் அனுப்பவில்லை)

பெரியப்பா: பலகைக்கு முக்கியமான பகுதி இது. பப் ஏன் மூடியது? பியர் குடிக்க ஆள் இல்லாமல் மூடியது என்று எழுதினால் அது பாதி உண்மை. 1989-இல் அரசு பெரிய பியர் ஆலைகளுக்கு வரம்பு விதித்தது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்தால் மிகுதியில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விட வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்தது. ஆனால் விட்டதை வாங்கியவை, பியர் காய்ச்சாமல் கட்டடம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள். பப் நடத்துகிறவர் அவர்களிடமே வாடகையும் கட்ட வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கே பியரும் வாங்க வேண்டும். 2007 ஜூலை 1-இல் உள்ளே புகைக்கத் தடை வந்தது. அது உடலுக்கு நல்லது, நான் எதிர்க்கவில்லை. பேரங்காடியில் பியர் மலிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நிலத்தின் விலை. பியர் விற்று ஆண்டு முழுவதும் கிடைக்கும் இலாபத்தை ஒரு வீட்டை விற்றால் ஒரே நாளில் பெறலாம் என்றால், கணக்குத் தெரிந்தவர் எதைச் செய்வார்? லண்டனில் 2001-இல் 4,835 பப்புகள் இருந்தன. 2016-இல் 3,615.

சுதன் மாமா: நான்கில் ஒன்று போய்விட்டது.

பெரியப்பா: ஆம். சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. பப்பை வீடாக மாற்ற அனுமதி வேண்டும். ஆனால் பெரும்பாலும் அனுமதி கேளாமலே இடிக்கலாம், கடையாக மாற்றலாம். அந்த ஓட்டையை இங்கிலாந்தில் 2017 மே மாதத்தில்தான் அடைத்தார்கள்.

கோகுல் அண்ணா: கார்ல்டன் டாவெர்ன் கதையைச் சொல்லுங்கள் அப்பா. சொல்லாமல் நிறுத்த மாட்டீர்கள் என்று தெரியும்.

பெரியப்பா: சொல்கிறேன். லண்டன் மைடா வேலில் கார்ல்டன் டாவெர்ன் என்று ஒரு பப். முதல் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த பழைய பப்பின் இடத்தில் 1920-21-இல் கட்டியது. உரிமையாளர் இடித்துப் பத்து வீடுகள் கட்டக் கேட்டார். 2015 தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை மறுத்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு வரும் முன்பே ஏப்ரல் 8-இல் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்துவிட்டார்கள். அயலவர் சும்மா இருக்கவில்லை. இருந்தபடியே திருப்பிக் கட்டு என்று நகரசபை உத்தரவிட்டது. மேல்முறையீடு நடந்தது, 2016-இல் விசாரணை அதிகாரியும் அதையே உறுதி செய்தார். பாதுகாப்புப் பட்டியலுக்காக முன்பே கட்டடத்தை அளந்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. 2021 ஏப்ரலில் மறுபடி திறந்தது. அயலவர் ஒன்றுகூடி நின்றால் நடக்கும்.

பெரியப்பா: நம் மூலைப் பப்புக்காக யாரும் நிற்கவில்லை. ஊர்மக்களுக்குப் பயன்படும் இடம் என்று பதிந்தால் விற்பதற்கு முன் ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம் என்ற சட்டம் 2011-இல்தான் வந்தது. அதற்குள் நம் பப்பின் சன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பலகையில் அந்தத் தொலைபேசியைப் பற்றி எழுத வேண்டும் என்கிறேன். நம் பிள்ளைகள் இங்கே யாருடைய தயவில் கால் ஊன்றினார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் கண்ணாடியையும் யாரும் மாற்றக்கூடாது.

அம்மா: அந்தக் கண்ணாடியை எனக்கும் தெரியும். வெளியிலிருந்து.

அம்மா: அத்தான் சொன்னது சரி. தெருவில் நிற்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. வெளிச்சம் தெரியும், சிரிப்புக் கேட்கும், முகம் தெரியாது. வெள்ளிக்கிழமை அபியின் அப்பா சம்பள உறையோடு உள்ளே போவார். நான் அபியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். உறையில் மிச்சம் என்ன என்று தெரிந்தால்தான் பால்மா வாங்கலாம். ஒரு நாள் உள்ளே போய்க் கூப்பிட்டேன். பெண்பிள்ளை அங்கே போகலாமா, குடும்ப மானம் என்ன ஆவது என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். சொன்னவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள்.

அம்மா: மாமா தவறிய செய்தி அந்தத் தொலைபேசியில் வந்ததும் உண்மை. அந்த அம்மா மழையில் வந்ததும் உண்மை. அவர் எனக்கும் நல்லவர். பின்கதவால் வந்து என் கையில் ஐந்து பவுண் வைத்துவிட்டுப் போன நாளும் உண்டு. எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

(ரொறன்ரோ மாமி ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

பெரியம்மா: தங்கச்சி, நான் அழைக்கிறேன். எடு.

ஊர் சின்னம்மா: அக்கா.

அபி: அம்மா, வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன்.

(பெரியப்பாவிடமிருந்து தவறிய குரல் அழைப்பு)

(பெரியப்பாவிடமிருந்து தவறிய குரல் அழைப்பு)

*சனி*

பெரியப்பா: அபிக்கு. எட்டு வரி கேட்டாய். பதினான்கு வந்திருக்கிறது. கீழே இருக்கிறது.

பெரியப்பா: [கோப்பு]

பெரியப்பா: பப் கட்டிய விதம் ஐந்து வரி. மூடியது நான்கு வரி. தொலைபேசி இரண்டு வரி. கடைசி மூன்று வரி கண்ணாடிக்கு வெளியே நின்ற பெண்களைப் பற்றியது. அதை உன் அம்மா பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும் மற்றவர்களுக்குக் காட்டு. அவள் மாற்றச் சொன்னால் சொன்னபடி மாற்று. என்னிடம் கேட்க வேண்டாம்.

கோகுல் அண்ணா: அப்பா இரவு இரண்டு மணிவரை எழுதினார்.

அபி: அம்மா வாசித்துவிட்டார்.

ரொறன்ரோ மாமி: என்ன சொன்னார்?

அபி: ‘பெண்கள்’ என்று பொதுவாகப் போடாதே, ‘மனைவிமார்’ என்று போடு என்றார். பிறகு உறையைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னார். பிறகு அதுவும் இருக்கட்டும் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

பெரியப்பா: யோசிக்கட்டும்.

அபி: மற்ற எட்டு வீட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் பப்பின் பெயரும் ஆண்டும் மட்டும் போதும் என்கிறார்.

பெரியப்பா: நான் வந்து அவரோடு பேசுகிறேன்.

பெரியம்மா: பேசமாட்டார்.

சுதன் மாமா: நாளைக்கு மத்தியானச் சாப்பாடு சைவம்தானே? எத்தனை பேர் என்று சொன்னால் வடைக்கும் சோற்றுக்கும் இன்று மாலைக்குள் சொல்லிவிடுவேன்.

அபி: இருபது என்று வையுங்கள், மாமா.

ரொறன்ரோ மாமி: வெம்பிளியாரோடு சேர்த்தா, இல்லாமலா?

அபி: நேற்றே அழைத்துப் பேசிவிட்டேன். வருவோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

சுதன் மாமா: அப்படியென்றால் இருபத்தைந்து.

ஊர் சின்னம்மா: அம்மம்மாவிடம் சொல்லிவிட்டேன். தவறணை என்றும் சொன்னேன். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கட்டும், கிழக்குப் பார்த்துப் பொங்கட்டும், அது போதும் என்கிறார்.

கோகுல் அண்ணா: அடுப்பு மேற்குப் பார்த்திருக்கிறது. அபி வீட்டு வரைபடத்தைப் பார்த்தேன்.

ஊர் சின்னம்மா: அதை நான் சொல்லமாட்டேன்.

அம்மா: பித்தளைப் பானையைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். அபியின் அடுப்புக்கு ஆகாது என்றால், எவர்சில்வர் சட்டியில் காய்ச்சிப் பானையில் ஊற்றலாமா என்று ஐயரிடம் கேளுங்கள்.

அபி: எல்லா எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது அம்மா. முதலில் ஒட்டிப் பாருங்கள். ஐயரிடம் நான் கேட்கிறேன்.

ரொறன்ரோ மாமி: அண்ணி, நீங்கள் வருகிறீர்கள்தானே?

அம்மா: பானை வரும்.

ரொறன்ரோ மாமி: பானையைக் கேட்கவில்லை, அண்ணி.

அம்மா: காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சுதன், ஆறரைக்கு வாகனத்தோடு வா. நான் வராவிட்டால் பானையை எடுத்துப் போ.

சுதன் மாமா: வருகிறேன் அக்கா. ஆனால் அங்கே எங்கே நிறுத்துவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.